ரயில்வே ஏஎல்பி வேலை: கடைசியில் பார்ப்பதை முதலில் பார்த்துவிடுங்கள்

உதவி லோகோ பைலட் (ரயில் இன்ஜின் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்கு, அதாவது ஏஎல்பிக்கு முயற்சி பண்ணலாமா என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது கண்ணைப் பற்றித்தான். கண்ணாடி போடுகிறாயா, நிறம் எல்லாம் சரியாகத் தெரிகிறதா, கண்ணில் லேசர் ஏதாவது பண்ணியிருக்கிறாயா? படிப்பு, கணக்கு, ரீசனிங் எல்லாம் அப்புறம். ஏனென்றால் ரயில்வே இந்தக் கேள்வியைக் கேட்பது கடைசியில். இரண்டு கணினித் தேர்வு, ஒரு உளவியல் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாவற்றையும் தாண்டி, வீட்டில் இனிப்பு வாங்கி வைத்த பிறகு, மெடிக்கலில் ஒருவர் 'அன்ஃபிட்' ஆகித் திரும்பி வருவதைப் பார்த்தால் மனசு ஆறாது. அதனால் இந்த வழியை நான் பின்னாலிருந்து முன்னால் சொல்கிறேன். நீங்களும் அப்படியே தயாராகுங்கள்.

முதலில் மொத்தப் பாதையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ஆர்பி, அதாவது ரயில்வே தேர்வு வாரியம், நோட்டிஃபிகேஷன் விடும், விண்ணப்பிக்கிறோம். பிறகு சிபிடி-1, சிபிடி-2 என்கிற இரண்டு கணினித் தேர்வுகள், சிபேட் எனப்படும் உளவியல் தேர்வு, டிவி என்று எல்லோரும் சொல்கிற சான்றிதழ் சரிபார்ப்பு, மெடிக்கல், பேனல் என்கிற இறுதித் தேர்வுப் பட்டியல், அதன்பின் பணி நியமனக் கடிதம், பயிற்சி. இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? 2018 பிப்ரவரியில் வந்த நோட்டிஃபிகேஷனுக்கு முதல் தேர்வு ஆகஸ்டில், இரண்டாவது 2019 ஜனவரியில் தொடங்கியது, உளவியல் தேர்வு அந்த ஆண்டு கோடையில். நடுவில் கொரோனா வந்து பயிற்சி மையங்கள் நின்றுபோனதால், பேனலில் பெயர் வந்தவர்களில் பலர் 2020-இலும் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் வந்தது 5,696 இடங்களுக்கான நோட்டிஃபிகேஷன். அந்த ஜூனில் அதையே 18,799 ஆக்கினார்கள். ஆனால் சிபிடி-1 நடந்தது நவம்பர் கடைசியில்தான். சிபிடி-2 2025 மார்ச்சில் தொடங்கி மே வரை போனது, சிபேட் ஜூலையில். ஆக, விண்ணப்பித்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் என்பது நல்லபடியாக நடந்தால். இரண்டு, மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இப்போது ஆண்டுதோறும் காலண்டர் போட்டு நோட்டிஃபிகேஷன் விடுகிறார்கள் (2024-இல் அறிவித்தபடி ஏஎல்பி ஆண்டின் முதல் காலாண்டில் வரும்), அது பெரிய ஆறுதல். ஒரு முறை போனால் அடுத்தது எப்போது என்றே தெரியாமல் இருந்த நிலைமை மாறியிருக்கிறது.

கண்

ஏஎல்பிக்குத் தேவையானது ஏ-1 என்கிற மருத்துவத் தகுதி. ரயில்வேயில் கண் விஷயத்தில் இருப்பதிலேயே கடுமையான வகை இதுதான். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை 6/6 இருக்க வேண்டும். 'ஃபாகிங் டெஸ்ட்' என்று ஒன்று வைப்பார்கள், பிளஸ் 2 பவர் லென்ஸை வைத்துவிட்டுப் படிக்கச் சொல்வார்கள். அதைப் போட்ட பிறகும் தெளிவாகப் படித்தால் உங்களுக்குள் மறைந்திருக்கும் பிளஸ் பவர் வெளியே வந்துவிடும், அது தகுதிக் குறைவு. கிட்டப்பார்வையும் கண்ணாடி இல்லாமல் சரியாக இருக்க வேண்டும். நிறப் பார்வை, இரு கண் ஒருங்கிணைந்த பார்வை, பார்வைப் புலம், இரவுப் பார்வை, மங்கிய வெளிச்சத்தில் பார்வை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். லேசிக் அல்லது அதுபோல் பவரைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்திருந்தால் இந்த வேலைக்கு வழியே இல்லை. "கண்ணாடியைக் கழற்ற லேசர் பண்ணிடலாம், அப்புறம் பரீட்சை எழுதலாம்" என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் வாய்ப்பை நிரந்தரமாக மூடுகிறார்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எரிச்சல் வரும். இன்ஜின் கேபினில் ஏஎல்பியின் வேலையை நினைத்துப் பாருங்கள். வேகமாக ஓடும் வண்டியில், மழையோ மூடுபனியோ, விடியற்காலை மூன்று மணியோ, தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் கையை நீட்டி அதன் நிலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், லோகோ பைலட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே நிறத்தைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு அதுதான் உறுதி. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல்.

அதனால், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நல்ல கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பது போதாது. நோட்டிஃபிகேஷனில் ஏ-1 தகுதி என்ன என்று ஒரு பக்கம் இருக்கும், அதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்து, "இந்த அளவுக்கு இருக்கிறேனா என்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். நிறக் குருடு பரிசோதனைக்கு இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பு, பச்சைக் குறைபாடு இருப்பது இருபது வயது வரை தெரியாமலேயே இருக்கும். எப்படியும் சிபேட் சமயத்தில் குறிப்பிட்ட படிவத்தில் கண் மருத்துவரின் சான்று கொண்டுவரச் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் முன்னதாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். கண் ஒத்துவரவில்லை என்றால் ரயில்வே கதவு மூடிவிடவில்லை. டெக்னீஷியன், என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பதவிகள்), ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) என்று கண் விதி தளர்வான பதவிகள் நிறைய உண்டு, அந்த ஒன்றரை வருடத்தை அங்கே போடுங்கள். ஏஎல்பி மெடிக்கலில் தோற்றால் மாற்று வேலை தரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சான்றிதழ்கள்

அடுத்து, நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால், ஐடிஐ சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல். நமக்கு இது எல்லாம் ஒரே ஆள்தான். வேறு மாநிலத்து அதிகாரி ஒருவர் மேசையில் வைத்துப் பார்த்தால் மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுதான் அடிப்படை; பெயர், பிறந்த தேதி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஆதாரிலும் அப்படியே இருக்கும்படி இப்போதே மாற்றிவிடுங்கள். ஆதாரில் புகைப்படமும் கைரேகையும் பள்ளிக் காலத்தில் எடுத்ததாக இருந்தால் அதையும் புதுப்பியுங்கள். தேர்வு மையத்தில் ஆதார் வழியாகத்தான் அடையாளம் பார்க்கிறார்கள்.

சாதிச் சான்றிதழ் இன்னொரு பெரிய விஷயம். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழை வைத்துக்கொண்டு ஓபிசி என்று விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். மத்திய அரசு வேலைக்கு அது போதாது. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்கிற ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாதவையும் உண்டு. இ-சேவை மையத்தில் போட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்வதற்கு நாளாகும். வருமானம் 8 லட்சத்தைத் தாண்டுகிறது என்று சில இடங்களில் திருப்பிவிடுவார்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, அவர்கள் வகிக்கும் பதவிக்குத் தனி விதி இருக்கிறது. அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், விதியின் நகலையும் கையில் வைத்திருங்கள். எஸ்சி, எஸ்டி பிரிவினரும் நோட்டிஃபிகேஷனில் இருக்கும் மாதிரிப் படிவத்தோடு தங்கள் சான்றிதழை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான) சான்றிதழ் நிதியாண்டுக்கு உரியது, பழையது செல்லாது.

படிப்புச் சான்றிதழ் விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு உரிய டிரேடில் ஐடிஐ, அல்லது மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் டிப்ளமோ அல்லது பொறியியல் பட்டம். இறுதித் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது, "டிவி வர்றதுக்குள்ள வந்துடும்" என்ற கணக்கு எடுபடாது.

விண்ணப்பம்

ஒரே ஒரு ஆர்ஆர்பிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்குப் போட்டால் எல்லாமே நிராகரிக்கப்படும். சென்னையா, திருவனந்தபுரமா, பெங்களூரா, செகந்திராபாதா என்று முடிவு செய்யும்போது இரண்டைப் பாருங்கள்: உங்கள் பிரிவுக்கு அங்கே எத்தனை இடம், கிடைத்தால் அந்த மண்டலத்தில் பல வருடம் இருக்க உங்களால் முடியுமா. அப்புறம் ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். விருப்ப மாறுதலில் போனால் சீனியாரிட்டி போய்விடும், அதுவும் சீக்கிரம் கிடைக்காது. வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்றால் சென்னையில் கட்-ஆஃப் கூட இருந்தாலும் சென்னைதான் சரி என்பது என் கருத்து. அப்படி எந்தக் கட்டும் இல்லாதவர்கள் எங்கே இடம் அதிகமோ அங்கே போடலாம்.

கட்டணம் 500 ரூபாய், சிபிடி-1 எழுதினால் 400 திரும்ப வரும். எஸ்சி, எஸ்டி, பெண்கள், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர் போன்றோருக்கு 250, எழுதினால் அது முழுதும் திரும்ப வரும். கொடுக்கிற வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிற கணக்காக இருக்கட்டும். எஸ்சி, எஸ்டி தேர்வர்களுக்குத் தேர்வுக்குப் போய்வர இலவச ரயில் பாஸ் உண்டு, ஆனால் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கொடுக்கிற மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் அண்ணன் அவருடைய மெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுவார், அடுத்த வருடம் கடையே இருக்காது. அந்த சிம்மை வேலை கிடைக்கும் வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள், எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும். விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தை ஒரு டஜன் பிரதி எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். டிவி வரைக்கும் அதே படத்தைக் கேட்பார்கள். கையெழுத்தும் அப்படித்தான். தேர்வு அறையில் ஒரு பத்தியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், இரண்டு வருடம் கழித்து அதையே ஒப்பிடுவார்கள். நடுவில் ஸ்டைலை மாற்றாதீர்கள்.

தேர்வுகள்

சிபிடி-1 வெறும் வடிகட்டி. 75 கேள்வி, 60 நிமிடம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். இதன் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது, ஆனால் இடங்களைப் போல் 15 மடங்குப் பேரைத்தான் அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பொது அறிவியலுக்கு நம் சமச்சீர் ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை வரி விடாமல் படித்தால் பெரும்பகுதி முடிந்தது. கணக்கும் ரீசனிங்கும் பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதால் மட்டுமே வரும். யூடியூபில் ஒருவர் வேகமாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குப் பயிற்சி ஆகாது. தமிழில் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பு சில நேரம் குழப்பும், சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே செல்லும். அதனால் அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் பழகுங்கள்.

சிபிடி-2 தான் உங்கள் தலையெழுத்தை எழுதுவது. பகுதி ஏ-யில் 100 கேள்வி, 90 நிமிடம். கணக்கு, ரீசனிங், அப்புறம் அடிப்படை அறிவியலும் பொறியியலும் (இன்ஜினியரிங் டிராயிங், அலகுகள், வேலை-ஆற்றல்-திறன், வெப்பம், மின்சாரம், நெம்புகோல், தொழில் பாதுகாப்பு இப்படி). பகுதி பி உங்கள் டிரேடில் 75 கேள்வி, 60 நிமிடம். இதில் எல்லாப் பிரிவினரும் 35 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும், தளர்வு கிடையாது. மதிப்பெண் கணக்கில் சேராது என்பதால் இதை அலட்சியம் செய்கிறார்கள், முக்கியமாக டிப்ளமோ, பொறியியல் படித்தவர்கள், "நாம படிக்காத ஐடிஐயா" என்று. ஃபிட்டர் கேள்வியில் ஃபைல் (அரம்) வகைகளையும் லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸையும் கேட்டால் கல்லூரிப் பாடம் கைகொடுக்காது. ஐடிஐ டிரேடு தியரிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள்.

தேர்வு எந்த ஊரில் என்பது சுமார் பத்து நாள் முன்புதான் தெரியும், ஹால் டிக்கெட் நான்கு நாள் முன்பு. 2025 மார்ச்சில் சிபிடி-2-க்குத் தமிழ்நாட்டுத் தேர்வர்கள் நிறையப் பேருக்குத் தெலங்கானாவில் மையம் போட்டு, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தேர்வு தள்ளிப்போனவர்களும் உண்டு. ஐடிஐ முடித்து வீட்டுக்கு முதல் சம்பளம் கொண்டுவரத் துடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயணச் செலவு சின்னதில்லை. இது நியாயமில்லை, மாற வேண்டும். மாறும் வரை, ஒரு வெளிமாநிலப் பயணத்துக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருங்கள்.

விடைக்குறிப்பு வந்ததும் உங்கள் விடைத்தாளை உடனே பதிவிறக்குங்கள், இணைப்பு சில நாளில் மூடிவிடும். ஆட்சேபம் தெரிவிக்கக் கேள்விக்கு 50 ரூபாய், உங்கள் பக்கம் சரி என்றால் திரும்ப வரும். பல ஷிஃப்டில் தேர்வு நடப்பதால் நார்மலைசேஷன் செய்வார்கள், அதாவது ஷிஃப்டுகளுக்கு இடையே மதிப்பெண்ணைச் சமன் செய்வார்கள். உங்கள் மார்க்கையும் பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கையும் நேராக வைத்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிபேட் முற்றிலும் வேறு. ஐந்து சோதனைகள்: நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழத்தை உணர்தல், கவனம், உருவங்களை வேகமாகப் பார்த்துப் பிரித்தல். நெகட்டிவ் மார்க் இல்லை. ஒவ்வொன்றிலும் டி-ஸ்கோர் 42 எடுக்க வேண்டும், நான்கில் பிரமாதமாகச் செய்து ஒன்றில் 41 எடுத்தாலும் வெளியேதான். யாருக்கும் தளர்வு இல்லை. டி-ஸ்கோர் என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் நிற்கும் இடம், 50 என்றால் சராசரி. இது ஆங்கிலம், இந்தியில் மட்டும் நடப்பதால் தமிழில் எழுதி வந்தவர்களுக்குக் கூடுதல் தடை. ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் இணையதளத்தில் இருக்கும் மாதிரிச் சோதனைகளின் ஆங்கில அறிவுரைகளைப் பார்த்ததும் புரிகிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் படியுங்கள். இறுதிப் பட்டியல் சிபிடி-2 பகுதி ஏ-க்கு 70, சிபேட்டுக்கு 30 என்று சேர்த்துத்தான். சிபிடி-2 ரிசல்ட் வந்த பிறகு தொடங்கலாம் என்று விடாமல், எழுதிய மறுவாரமே தினமும் கொஞ்ச நேரம் கணினியில் உட்காருங்கள். மொபைலில் பண்ணுவது வேறு, மௌஸைப் பிடித்துப் பண்ணுவது வேறு.

காத்திருக்கும் காலம்

நடுவில் வரும் மாதங்கள்தான் ஆளைத் தின்னும். வீட்டில் "என்னப்பா ஆச்சு" என்பார்கள், கல்யாண வீட்டில் "இன்னுமா ரிசல்ட் வரல" என்பார்கள். இதற்காகவே சொல்கிறேன், சும்மா உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். ஐடிஐ முடித்தவர்கள் ஐசிஎஃப், பெரம்பூர், பொன்மலை என்று ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ் சேருங்கள். ஸ்டைபண்ட் குறைவுதான். ஆனால் அப்ரண்டிஸ் முடித்து என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ரயில்வேயின் தொடக்க நிலையான லெவல்-1 பதவிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, டிரேடு அறிவும் பகுதி பி-க்கு உதவும். இல்லையென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை எங்காவது வேலைக்குப் போங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் இரண்டு மணி நேரம் படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். கையில் சம்பளம் இருந்தால் மனம் நிதானமாக இருக்கும், வீட்டிலும் பேச்சு குறையும். ஒரே படிப்பை வைத்து டெக்னீஷியன், லெவல்-1, மெட்ரோ, மின்வாரியம் என்று வருவதை எல்லாம் எழுதுங்கள், ஏஎல்பி ஒன்றையே நம்பி வயதை விட்டுவிடாதீர்கள்.

டெலிகிராம் குழுக்களில் "நாளைக்கு ரிசல்ட்" என்று தினமும் ஒருவர் போடுவார். ஆர்ஆர்பி இணையதளத்தில் வந்தால்தான் வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள், போதும். பணம் கொடுத்தால் பேனலில் பெயர் போடுகிறேன், மெடிக்கலில் ஃபிட் வாங்கித் தருகிறேன் என்று வருபவன், அவன் சொந்தக்காரனாக இருந்தாலும், ரயில்வே கோட் போட்டு வந்தாலும், திருடன்தான். போலி நியமனக் கடிதத்தோடு போய் நின்று அவமானப்பட்ட குடும்பங்கள் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கொடுத்த அம்மாவுக்கு அது திரும்ப வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

டிவிக்குக் கூப்பிட்டால் எல்லா அசலும், இரண்டு மூன்று செட் நகலும், அந்தப் பழைய புகைப்படக் கவரும் எடுத்துப் போங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மெடிக்கல் பெரும்பாலும் மறுநாளே தொடங்கிவிடும், அதற்கு ரயில்வே வாங்கும் கட்டணம் 24 ரூபாய்தான், அதற்கு மேல் யார் எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான்கைந்து நாள் தங்கத் தயாராக மாற்றுத் துணியோடு போங்கள். முந்தைய வாரம் இரவு ஷிஃப்ட் இருந்தால் விடுப்பு எடுத்துவிடுங்கள், தூக்கம் கெட்ட கண்ணோடும் ஏறிய ரத்த அழுத்தத்தோடும் போய் நிற்காதீர்கள்.

ஃபிட் என்று வந்துவிட்டாலும் அன்றைக்கே போய் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். பேனல் வந்து, மண்டலம் ஒதுக்கி, கோட்டம் ஒதுக்கி, பயிற்சி மையத்தில் இடம் காலியாகி அழைப்பு வர மாதக்கணக்கில் ஆகலாம். நியமனக் கடிதத்தில் எந்தத் தேதியில் எங்கே வந்து சேர வேண்டும் என்று அச்சில் பார்த்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். உங்கள் கம்பெனியில் ஒரு மாத நோட்டீஸ் கேட்பார்கள் என்றால் அதைப் பற்றி எச்ஆரிடம் முன்கூட்டியே பேசி வைத்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.